விபாசனா பத்து நாள் முகாம்: போகுமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

விபாசனா முகாமில் மூன்று முறை மாணவியாக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை சேவைக்குப் போய், சமையற்கட்டில் காய் நறுக்கி, விடியற்காலையில் அறை அறையாக மணி அடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அதிலிருந்து உறவுக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் போகுமுன் எனக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். தியானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. காபி, முழங்கால், துணி துவைப்பது, வீட்டை யார் பார்த்துக்கொள்வது, இவைதான் கேள்வி. அதுவும் நியாயம்தான். தியானத்தை அங்கே பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். மற்றதை நாம்தான் ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். இது முகாம் நடத்தும் மையம் எழுதியது இல்லை. போய் வந்த ஒருத்தியின் பதில்கள். மையம் அனுப்பும் விதிமுறைத் தாளோடு ஏதாவது முரண்பட்டால் அந்தத் தாளையே நம்புங்கள்.

முதலில், இது என்ன முகாம்? யார் நடத்துகிறார்கள்?

பெரியவர்களுக்கான பத்து நாள் தியான வகுப்பு. அங்கேயே தங்க வேண்டும். முதல் மூன்றரை நாள் மூச்சைக் கவனிக்கிற ஆனாபானா. நான்காம் நாள் மதியத்திலிருந்து உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைக் கவனிக்கிற விபாசனா. கற்றுக்கொடுத்தவர் எஸ்.என்.கோயங்கா. 1924ல் பர்மாவின் மாண்டலேயில் ஒரு மார்வாடிக் குடும்பத்தில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் 1955ல் சயாஜி ஊ பா கின் என்பவரிடம் போனார். அந்த ஆசிரியரும் சாமியார் இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். கோயங்கா 1969ல் இந்தியாவுக்கு வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1976 முதல் மகாராஷ்டிரத்தின் இகத்புரி மையத்தில் முகாம்கள் நடக்கின்றன. 2013ல் காலமானார். இப்போதும் முகாமில் கேட்பது அவர் குரலைத்தான், ஒலிப்பதிவாக. நேரில் இருந்து வழிநடத்துவது உதவி ஆசிரியர்கள்.

பத்து நாள் முகாமுக்குப் பத்து நாள் லீவு போட்டால் போதும் அல்லவா?

போதாது. அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. போய்ச் சேரும் நாள் கணக்கில் வராது, அதை 'பூஜ்ய நாள்' என்பார்கள். அதற்கப்புறம் முழுசாகப் பத்து நாள். பதினொன்றாம் நாள் காலையில் முடியும். 1ஆம் தேதி மதியம் உள்ளே போனால் 12ஆம் தேதி காலை ஏழரை மணி வாக்கில்தான் வெளியே வருவீர்கள். ஆக நாட்காட்டியில் பன்னிரண்டு தேதி. திரும்பும் ரயில் டிக்கெட்டை அன்றைக்கு மதியத்துக்கு மேல் எடுங்கள். அறையைப் பெருக்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். முடிந்தால் மறுநாளும் லீவு போடுங்கள். முதல் முறை நான் மறுநாளே வேலைக்குப் போய், மாதாந்திரக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்டணம் எவ்வளவு?

கிடையாது. தங்குவதற்கும் இல்லை, சாப்பாட்டுக்கும் இல்லை. ஆசிரியர்களுக்கும் சம்பளம் இல்லை. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள் கொடுத்த தானத்தில் உங்கள் முகாம் நடக்கிறது. ஒரு பத்து நாள் முகாமையாவது முடித்தவரிடம் மட்டும்தான் தானம் வாங்குவார்கள், முதல் நாளே ஐயாயிரத்தை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். முடிவில் ஒரு மேஜை போட்டிருப்பார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பக்கத்தில் நின்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்கே நடக்கிறது? எப்படி விண்ணப்பிப்பது?

சென்னைக்காரர்களுக்குத் தம்ம சேது மையம். திருமுடிவாக்கத்தில், திருநீர்மலைச் சாலையிலிருந்து பிரியும் பழந்தண்டலம் சாலையில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் பல்லாவரத்தில் இறங்கலாம். ஆட்டோக்காரரிடம் 'விபாசனா' என்று சொல்லி விழிக்க வைக்காமல், 'திருநீர்மலை தாண்டி, பழந்தண்டலம் ரோடு' என்று சொல்லுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமத்துக்குப் பக்கத்திலும், திருவண்ணாமலையிலும் மையங்கள் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கண்டிக்கு அருகே ஹிந்தகலவில் 'தம்ம கூட்ட' என்ற மையம் இருக்கிறது.

விண்ணப்பம் தம்மா டாட் ஓஆர்ஜி (dhamma.org) தளத்தில். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பாருங்கள். விண்ணப்பித்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். 'வருவது உறுதிதானா' என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும், அதற்குப் பதில் போட வேண்டும். போக முடியாவிட்டால் ஒரு வரி எழுதி ரத்து செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் லீவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போனை நிஜமாகவே வாங்கி வைத்துவிடுவார்களா? வீட்டில் ஏதாவது அவசரம் என்றால்?

நிஜமாகத்தான். பதிவு மேஜையிலேயே போன், மடிக்கணினி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரத்துக்கு வீட்டார் மையத்தின் அலுவலக எண்ணுக்குப் பேசலாம், சேதி உங்களிடம் வந்து சேரும். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். எது அவசரம், எது அவசரமில்லை என்பதையும் சொல்லிவிட்டு வர வேண்டும். 'தோசை மாவு எந்த டப்பாவில்?' என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் ஓடிபி. உங்கள் போன் பெட்டிக்குள் அணைந்து கிடக்கும்போது, வீட்டில் சிலிண்டர் கொண்டுவருகிறவர் உங்கள் எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கேட்பார். அம்மாவின் மருந்துக்கு ஆன்லைனில் பணம் கட்ட உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும். கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், கடன் தவணை எது எது அந்தப் பன்னிரண்டு நாளில் விழுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கொஞ்சம் ரொக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இது தியானக் குறிப்பு இல்லைதான். ஆனால் மூன்றாம் நாள் கண்ணை மூடினால் மூச்சு தெரியாது, கட்டாத பில்தான் தெரியும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

அலாரம் கடிகாரம். இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எல்லாரும் மறப்பது இதுதான். போனையே கடிகாரமாக வைத்துப் பழகிவிட்டோம். நூறு ரூபாய்க் கடிகாரம் போதும், ஆனால் 'டிக் டிக்' என்று சத்தம் போடாததாகப் பாருங்கள். ராத்திரி அந்தச் சத்தம் சம்மட்டி அடிப்பது மாதிரி கேட்கும்.

அப்புறம் படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை (மையத்துக்கு மையம் மாறும், கடிதத்தைப் பாருங்கள்), டார்ச், குடை, தண்ணீர் பாட்டில், பூட்டு, துணி துவைக்க சோப்பும் நாலைந்து கிளிப்பும். கிளிப் இல்லாமல் போய் ஒரு ஆடி மாதக் காற்றில் என் துண்டு ஆண்கள் பகுதிக்குப் பறந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க வாய் திறக்கவும் முடியாது. நான் முதல் முறை போன இடத்தில் துணியைக் காசு கொடுத்துத் துவைக்கப் போடலாம், இன்னோர் இடத்தில் நாமேதான் அலசிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு செட் துணி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்துச் சமாளிக்கலாம்.

செருப்பு சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் கழற்றுவீர்கள். வாசனை சோப்பு, சென்ட், தைலம் வேண்டாம். மூச்சை மட்டுமே கவனித்துக்கொண்டு நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒருவர் பூசின தைலம் எல்லாருக்கும் தைலம்தான்.

என்ன உடை? நைட்டி போடலாமா?

தளர்வாக, மறைவாக இருக்க வேண்டும். இறுக்கமான லெக்கிங்ஸ், கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை வேண்டாம். சுடிதார் நல்லது. சேலை கட்டித்தான் பழக்கம் என்றால் பருத்திச் சேலை. பட்டுக்கரை உட்காரும்போது சரசரக்கும். நைட்டி அறைக்குள் மட்டும். ஒரு துப்பட்டா அல்லது சால்வை எப்போதும் கூட இருக்கட்டும், விடியற்காலையில் போர்த்திக்கொள்ளவும் ஆகும்.

சத்தம் போடும் நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். என் இரண்டாம் முகாமில் முன் வரிசையில் ஒரு அம்மா கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். அவர் கையைச் சற்றே நகர்த்தினாலும் 'சிலுக்'. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மூன்றாம் நாள் அவரே இரண்டு கையிலும் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பாவம், அதுவரை அவருக்கும் நிம்மதி இருந்திருக்காது.

தாலியைக் கழற்றச் சொல்வார்களா?

என்னை யாரும் சொன்னதில்லை. ஜபமாலை, படிகம், தாயத்து மாதிரியானவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்பதுதான் விதி.

காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

நாலு மணிக்கு மணி. நாலரையிலிருந்து ஆறரை வரை தியானம், ஆறரைக்கு டிபன். எட்டிலிருந்து ஒன்பது கூட்டு தியானம், அப்புறம் பதினொன்று வரை தியானம். பதினொரு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணி வரை ஓய்வு. ஒன்றிலிருந்து ஐந்து வரை தியானம், நடுவில் இரண்டரையிலிருந்து மூன்றரை கூட்டு தியானம். ஐந்துக்கு டீ. ஆறிலிருந்து ஏழு கூட்டு தியானம், ஏழு மணிக்குக் கோயங்காவின் பேச்சு ஒலிப்பதிவில், எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை கடைசி உட்காரல். ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கூட்டினால் உட்காருவது பத்து மணி நேரத்துக்கு மேல்.

இதில் மூன்று கூட்டு தியானமும் ராத்திரிப் பேச்சும் தியானக் கூடத்தில்தான். மற்ற நேரத்தில் பெரும்பாலும் அறையிலும் உட்காரலாம். 'அறையில் உட்காரலாம்' என்றால் என்ன நடக்கும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு மணியும் கையுமாகச் சுற்றின எனக்குத் தெரியும். முதல் முறை போகிறவர்கள் கூடத்துக்கே வந்துவிடுங்கள்.

காபி கிடைக்குமா?

இதைக் கேட்காத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நான் போன முகாம்களில் டீயும் பாலும் நிச்சயம் இருந்தன, ஒரு இடத்தில் காபியும் இருந்தது. ஆனால் வீட்டில் டிகாஷன் இறக்கிக் குடிக்கிற காபியை எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று தரம் குடிக்கிறவராக இருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே குறைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, 'மூச்சைக் கவனித்ததால் ஏதோ ஆகிவிட்டது' என்று பயந்துபோய் ஆசிரியரிடம் ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் காபிதான் என்பது என் கணிப்பு. பீடி, சிகரெட், பான் எதற்கும் இடமில்லை. அதற்குப் பழகினவர்கள் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு இல்லையாமே? பசிக்காதா?

ஐந்து மணிக்கு டீ, பழம், கொஞ்சம் பொரி. அவ்வளவுதான். அதுவும் புதிய மாணவர்களுக்கு. ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்கள் மதியத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்வதால் அவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். முதல் இரண்டு நாள் பசிக்கும். மூன்றாம் நாளிலிருந்து வயிறு பழகிவிடும். உட்கார்ந்தே இருக்கிறோம், எரிந்துபோவதும் குறைவுதானே.

பசியைவிட, பசி வந்துவிடுமோ என்ற பயம்தான் ஆளை ஆட்டுகிறது. பதினொரு மணி வரிசையில் அது நன்றாகத் தெரியும். முதல் நாள் தட்டில் சோறு மலையாக ஏறும், சாம்பார் அதன்மேல் வழியும். அப்படிச் சாப்பிட்டவர் ஒரு மணிக்குக் கூடத்தில் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பார். ஐந்தாம் நாளுக்குள் அதே தட்டில் ஒன்றரைக் கரண்டிதான் விழும். சேவைக்கு நிற்கும்போது அரிசி அளவை நாங்கள் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவோம்.

சாப்பாடு சைவம், எளிமையாக இருக்கும், காரம் குறைவு. ஊறுகாய் பாட்டிலோ முறுக்கோ பையில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். அறையில் எறும்பு வரும். எறும்பைக் கொல்லவும் கூடாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறது. வரலாமா?

வரலாம். முகாமுக்கு வருகிற பெரியவர்களில் பலருக்கு இரண்டில் ஒன்று இருக்கும். மாத்திரையைப் பதினைந்து நாளுக்குக் கணக்குப் பண்ணி எடுத்துக்கொண்டு, சீட்டின் நகலோடு வாருங்கள். சர்க்கரைக்காரர்கள் விண்ணப்பத்திலும் எழுதி, பதிவு மேஜையிலும் வாயால் சொல்லுங்கள், மாலைக்கு வேறு ஏற்பாடு செய்து தருவார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க முடியுமா என்பதைப் போன் செய்தே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உண்ணாவிரதம் இருக்கிறேன், மாத்திரையை விட்டுப் பார்க்கிறேன் என்ற பரிசோதனை எதையும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதவிடாய் நாளில் கூடத்துக்குள் போகலாமா?

போகலாம். விலக்கு எதுவும் இல்லை. தேவையானதைக் கையோடு எடுத்துப் போங்கள், வெளியே போய்க் கடையில் வாங்க முடியாது. கர்ப்பிணிகளும் வருகிறார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுக்கிறேன். போனால் சரியாகிவிடுமா?

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இது சிகிச்சை இல்லை. தீவிர மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த முகாமைத் தாங்கள் பரிந்துரைப்பதில்லை என்று மையங்களே எழுத்தில் சொல்கின்றன. பத்து நாள் பேச்சில்லாமல், போனில்லாமல், பத்து மணி நேரம் தன்னோடேயே உட்கார்ந்திருப்பது தெம்பாக இருக்கிறவரையே உலுக்கும். விண்ணப்பத்தில் நோயையும் மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் டாக்டரிடம் முகாம் எப்படி நடக்கிறது என்று விளக்கமாகச் சொல்லி அபிப்பிராயம் கேளுங்கள். மையம் 'இப்போது வேண்டாம்' என்று சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள். 'அங்கே அனுப்பினால் பையன் திருந்திவிடுவான்' என்று பெற்றோர் பேசிக் கட்டாயப்படுத்தி அனுப்புவதும் கூடாது. அவரவர் விருப்பத்தில்தான் வர வேண்டும்.

பத்து நாள் எப்படிப் பேசாமல் இருப்பது? என்னால் முடியவே முடியாது.

முடியும். எல்லாரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், மௌனம்தான் சுகமாக இருந்தது என்பார்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், சிரித்து வைக்க வேண்டாம், 'சாப்பிட்டாச்சா' வேண்டாம். சைகையும் கூடாது, கண்ணோடு கண் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். முதல் நாள் பந்தியில் உப்பு எடுத்துத் தந்தவருக்குத் தலையாட்டி நன்றி சொல்லாமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

வாயே திறக்கக் கூடாது என்பதில்லை. தண்ணீர் வரவில்லை, ஜுரம், மின்விசிறி ஓடவில்லை என்றால் சேவகர்களிடம் மெதுவாகச் சொல்லலாம். தியானத்தில் சந்தேகம் இருந்தால் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை ஆசிரியரைத் தனியாகப் பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கும் கூடத்தில் கேட்கலாம். பத்தாம் நாள் காலையில் மௌனம் முடியும். அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் எழும் இரைச்சலைக் கல்யாணப் பந்தியில்கூட நான் கேட்டதில்லை.

தரையில் உட்காரவே முடியாது. முழங்கால் வலி.

நாற்காலி தருவார்கள். விண்ணப்பத்திலும் எழுதி, பதிவிலும் சொல்லிவிடுங்கள். கூடத்தின் ஓரத்தில் நாற்காலி வரிசை இருக்கும். அதில் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி இல்லாதவர்களுக்கும் வலி வரும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். சப்பணம் போட்டு ஒரு மணி நேரம் உட்காருவதை நாம் எப்போதோ விட்டுவிட்டோம், சாப்பிடுவதே மேஜையில்தான். முகாமுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து தினமும் இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். டிவி பார்க்கும்போது, கீரை ஆயும்போது, எப்போது வேண்டுமானாலும் சரி. கால் அதற்கு நன்றி சொல்லும்.

கூடத்தில் சின்னச் சின்னத் திண்டுகள் வைத்திருப்பார்கள். முதல் முகாமில் நான் அதைக்கொண்டு ஒரு கோட்டையே கட்டினேன்: கீழே மூன்று, முழங்கால்களுக்கு ஆளுக்கு ஒன்று, மடியில் ஒன்று. ஒவ்வொரு இடைவேளையிலும் அடுக்கை மாற்றினேன். வலி இடம் மாறியதே தவிரப் போகவில்லை. நான்காம் நாளுக்கு அப்புறம் கூட்டு தியானத்தில் கண்ணையும் கையையும் காலையும் அசைக்காமல் ஒரு மணி நேரம் உட்காரும் 'அதிட்டானம்' ஆரம்பித்தது. முதல் தரம் நாற்பதாவது நிமிடத்திலேயே காலை நீட்டிவிட்டேன். யாரும் திட்டவில்லை. ஏழாம் நாள் மடித்த கால் மரத்துப்போய், வலி ஒரு சூடான வட்டமாகச் சுருங்கி, அது துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. அன்று மாலை நாலு திண்டை அலமாரியில் திருப்பி வைத்தேன். அந்தக் கடைசி இரண்டு மட்டும் இன்றைக்கும் எனக்கு வேண்டியிருக்கிறது.

பழைய அறுவைச் சிகிச்சை, தண்டுவடப் பிரச்சினை என்றால் 'வலியைக் கவனிக்கிறேன்' என்று வீரம் காட்ட வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லி உட்காரும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மதம் மாற்றுவார்களா? நாங்கள் தினமும் பூஜை செய்கிறவர்கள்.

மாற்ற மாட்டார்கள். எல்லா மதத்துக்காரர்களும் உட்காருகிறார்கள், கன்னியாஸ்திரீகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 'மத வாசனையே இல்லை' என்று சொன்னால் அதுவும் பொய். பாலி மொழியில் ஓதுதல் உண்டு, புத்தர் கதைகள் தினமும் வரும், தொடக்கத்தில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணம் சொல்வது உண்டு. அது ஒரு ஆளிடம் சரணடைவது இல்லை, அந்தக் குணங்களிடம்தான் என்று விளக்குவார்கள். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை, உடலுறவு தவிர்த்தல், போதை தவிர்த்தல் என்று ஐந்து சீலங்களையும் அந்த நாட்களுக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பூஜை, மந்திரம், ஜபம், விரதம், வேறு தியான முறை, யோகாசனம் எல்லாவற்றையும் பத்து நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அவை தப்பு என்பதால் இல்லை. ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. பத்து நாள் விளக்கு ஏற்றாமல் இருக்க மனசு ஒப்பவில்லை என்றால், வீட்டில் வேறு யாரையாவது ஏற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவும் ஒப்பவில்லை என்றால் இந்த முகாம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

ஆங்கிலமும் இந்தியும் தெரியாது. தமிழில் உண்டா?

உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் குறிப்புகள் தமிழிலும் வரும், ராத்திரிப் பேச்சைத் தமிழ் ஒலிப்பதிவில் தனியாக உட்கார்ந்து கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த முகாமுக்கு எந்தெந்த மொழி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிடுங்கள். படிவத்தில் 'தமிழ்' என்று குறியுங்கள். கௌரவத்துக்காக ஆங்கிலத்தைக் குறித்துவிட்டுப் பத்து நாள் திண்டாடினவர்கள் உண்டு.

கொசு?

இருக்கும். அடிக்கக் கூடாது, முதல் சீலமே கொல்லாமைதான். பூசிக்கொள்ளும் களிம்பு, சின்ன வலை கொண்டுவாருங்கள். சுருள் கொளுத்தலாமா என்பதை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டால்?

காதடைப்பான் இரண்டு ஜோடி. நீங்கள் குறட்டை விடுகிறவர் என்றால் படிவத்தில் எழுதுங்கள், முடிந்தால் தனி அறை தருவார்கள். 'நான் குறட்டை விடுவதில்லை' என்று சொல்வதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணவன், மனைவி சேர்ந்து போகலாமா?

ஒரே முகாமில் உட்காரலாம், ஆனால் பத்தாம் நாள் வரை பார்த்துக்கொள்ள முடியாது. ஆண், பெண் பகுதி, சாப்பாட்டுக் கூடம், நடைபாதை எல்லாம் தனி. தோழிகளாகச் சேர்ந்து போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஒரே அறை கேட்காதீர்கள். தெரிந்த முகம் எதிரில் இருந்தால் பேசாமல் இருப்பது இரண்டு மடங்கு கஷ்டம்.

தாங்க முடியவில்லை என்றால் நடுவில் கிளம்பிவிடலாமா?

கதவைப் பூட்டி வைப்பதில்லை. ஆனால் பத்து நாளும் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். உண்மையான அவசரம் என்றாலோ உடம்பு முடியாமல் போனாலோ ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மற்றபடி 'போதும்டா சாமி' என்று தோன்றுவது எல்லாருக்கும் உண்டு. இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் அதற்குப் பேர்போனவை. ராத்திரிப் பேச்சிலேயே அதைச் சொல்லி எச்சரிப்பார்கள்.

நான் சேவைக்கு நின்ற ஒரு முகாமில் ஆறாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருவர் பையைக் கட்டிக் கட்டில்மேல் வைத்து, செருப்பும் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மகளுக்கு ஜுரம் என்று கனவு வந்ததாம். சேவகர்கள் வாதாடக் கூடாது, அது எங்களுக்கு விதி. 'ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அக்கா' என்று மட்டும் சொன்னேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் பேசினார்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஆசிரியரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் பையை அவிழ்க்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். மறுநாள் சோப்பு வெளியே வந்தது. எட்டாம் நாள் அவர் சுடிதார் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

என் யோசனை ஒன்றுதான்: போவதென்று முடிவெடுத்தாலும் அந்த முடிவை ராத்திரியில் எடுக்காதீர்கள். காலை டிபன் சாப்பிட்டுவிட்டு எடுங்கள்.

முடிந்து வெளியே வந்ததும் என்ன ஆகும்? யாராவது கூட்டிப்போக வர வேண்டுமா?

வந்தால் நல்லது. முடியாவிட்டால் பத்தாம் நாளே பக்கத்தில் இருக்கிறவர்களிடம் பேசி ஒரு ஆட்டோவோ காரோ சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டு சக்கர வண்டியில் வந்தவர்கள் அன்றைக்கு மெதுவாக ஓட்டுங்கள். பத்து நாளாக யாரும் உங்களைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

போனை வாங்கினதும் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடி அணைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் குவிந்து கிடப்பதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். அது எத்தனை நாள் நடக்கும் என்பது உங்கள் வீட்டுச் சமையற்கட்டைப் பொறுத்தது. எனக்கு மாலை உட்காரல் ஆறு மாதம்தான் ஓடியது, காலை மட்டும் நிற்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே உபதேசம் பண்ண ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு நாள் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். அன்றைக்குப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள்.